உழைச்செல்வானும் ஈராண்டுக் கல்வியும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்துக் காட்டி நிறைவு பெறுகிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு நான்காவதாக அங்கே இடம்பெறுபவன் 'உழைச்செல்வான்'. அருகிருந்து மருந்தைப் பக்குவம் செய்து அளிப்பவன் என்பது அச்சொல்லின் கருத்து. மருத்துவனைப் போற்றியோர் பலர். மருந்துகளைப் பாடிய சித்தர்களும் பலர். உழைச்செல்வானைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. நம் ஊர்களில் 'கம்பவுண்டர்' என்றழைக்கப்பட்டு, கண்ணாடிப் புட்டியின் பக்கவாட்டில் காகிதத்தை வெட்டி ஒட்டி வேளை அளவு குறித்துத் தந்த மனிதரை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அவர் எங்கே படித்தார், எவ்வளவு படித்தார் என்று கேட்டோர் இலர்.

அக்கேள்வியை அமெரிக்க ஐக்கிய நாடுகள் எங்ஙனம் எதிர்கொண்டன, விடையாக எத்தகைய கல்வியை அமைத்துக்கொண்டன என்பதே இக்கட்டுரையின் பொருள். அங்கே மருந்தாளுநருக்குத் துணைநின்று மருந்தை எண்ணி, அளந்து, கலந்து, பெயர்ச்சீட்டு ஒட்டும் பணியாளரைப் 'பார்மசி டெக்னீசியன்' என்பர். நாம் 'மருந்தகத் தொழில்நுட்பர்' என வழங்குவோம். அவரை உருவாக்கும் இடங்களுள் தலையாயது சமுதாயக் கல்லூரி.

சமுதாயக் கல்லூரி

1901ஆம் ஆண்டில் இல்லினாய்சு மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கப்பெற்ற ஜோலியட் இளநிலைக் கல்லூரியே இன்றுவரை தொடர்ந்து நடைபெறும் பொதுச் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நான்காண்டுப் பல்கலைக்கழகம் வேண்டும் கட்டணத்தைச் செலுத்த இயலாதவர், பகலில் உழைத்து மாலையில் படிப்பவர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின் ஏட்டைக் கையில் எடுக்கும் தாய்மார், புதிதாகக் குடியேறியவர் ஆகியோர்க்குக் கதவு திறந்து வைத்திருக்கும் நிறுவனம் இது. அந்தந்த வட்டாரத்து மக்களுக்குக் கட்டணம் குறைவு. ஈராண்டின் முடிவில் 'அசோசியேட்' என்னும் இணைநிலைப் பட்டமும், ஓராண்டோ அதனினும் குறைந்த காலமோ பயின்றவர்க்குச் சான்றிதழும் வழங்கப்பெறும்.

இக்கருத்து நம் நாட்டுக்கும் வந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது; அடுத்த ஆண்டு சென்னையிலும் ஒன்று எழுந்தது. ஆயினும் அங்கே அது பெற்றிருக்கும் செல்வாக்கை இங்கே இன்னும் பெறவில்லை என்பது கண்கூடு.

பெயரால் வரும் மயக்கம்

இவ்விடத்தில் ஒரு தெளிவு தேவை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டத்தின்கீழ், ஈராண்டு 'டி.பார்ம்' பட்டயமும் அதனைத் தொடரும் செய்முறைப் பயிற்சியும் முடித்தவர் மாநில மருந்தாளுமைக் கழகத்தில் பதிவுபெற்று, தாமே மருந்தாளுநர் ஆகிவிடுகிறார். அமெரிக்காவிலோ மருந்தாளுநராவதற்கு 'பார்ம்.டி.' என்னும் முனைவர்நிலைத் தொழிற்பட்டம் வேண்டும். பள்ளிப்படிப்பிற்குப் பின் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு ஆண்டுகள் செல்லும். ஆகவே ஈராண்டு என்னும் கால அளவு ஒன்றாக இருப்பதைக் கொண்டு இரண்டு படிப்பும் ஒன்றெனக் கருதிவிடலாகாது. அங்கே ஈராண்டு படித்தவர் துணைவர் மட்டுமே. அவர் செய்த பணியை மருந்தாளுநர் சரிபார்த்து ஒப்பிய பின்னரே மருந்து நோயாளியின் கையை அடையும். ஊதியத்திலும் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்கின்படி, தொழில்நுட்பரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 40,300 டாலர். மருந்தாளுநரின் ஊதியம் 1,36,030 டாலர்.

எமிலியின் பெயரால் ஒரு சட்டம்

தொழில்நுட்பர் துணைவர்தாமே, அவருக்கு ஏன் இத்துணைப் படிப்பு என்று வினவுவார்க்கு ஒஹாயோ மாநிலத்தில் 2006இல் நிகழ்ந்த துயரமே விடையாகும். எமிலி ஜெரி என்னும் இரண்டு வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கட்டி மறைந்து, குழந்தை இல்லம் திரும்பும் நாளை எதிர்நோக்கியிருந்த பெற்றோர், இறுதிச் சுற்று மருந்துக்காக மருத்துவமனையில் சேர்த்தனர். மருந்தைக் கரைக்கும் உப்புநீரில் உப்பின் செறிவு 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். அதனைத் தயாரித்த தொழில்நுட்பர் 23.4 விழுக்காடு செறிவுள்ள கரைசலைப் பயன்படுத்திவிட்டார். சரிபார்க்க வேண்டிய மருந்தாளுநரும் அதனைக் காணத் தவறினார். குழந்தை இறந்தது.

மருந்தாளுநர் உரிமத்தை இழந்து சிறைத்தண்டனையும் பெற்றார். தொழில்நுட்பர் மீதோ வழக்கு ஏதும் நிலைபெறவில்லை. அவருக்கு இன்ன பயிற்சி வேண்டும், இன்ன தேர்வில் தேற வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் அன்று எதையும் விதித்திருக்கவில்லை. 2009இல் 'எமிலி சட்டம்' இயற்றப்பட்டு, பயிற்சியும் தேர்வும் அங்கே கட்டாயமாயின. விதி இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்னும் நிலை எத்துணைக் கொடிது! சரிபார்ப்பவர் மேலிருக்கிறார் என்ற எண்ணத்தில் கீழிருப்பவரின் கல்வியைப் புறக்கணித்தால், ஒரு பிழையைத் தடுக்க இரண்டு கண்கள் இருந்தும் ஒன்று குருடாகிவிடுகிறது என்பதே நம் கருத்து.

மருந்தின் பெயரும் விகுதியும்

இக்கல்வியின் பாடத்திட்டத்தை நோக்கும்போது, தமிழாசிரியராகிய நம் கருத்தை முதற்கண் ஈர்ப்பது மருந்துப் பெயர்ப் பாடமேயாகும். மாணவர் நூற்றுக்கணக்கான மருந்துகளின் பொதுப்பெயரையும் வணிகப்பெயரையும் நினைவிற்கொள்ள வேண்டும். வெறும் மனப்பாடத்தால் இது கைகூடாது. ஆகவே பகுபத உறுப்பிலக்கணம் போன்றதோர் இலக்கணத்தை அவர்கள் கற்கின்றனர். 'ப்ரில்' என்னும் விகுதி பெற்று வரும் லிசினோப்ரில், எனாலாப்ரில் ஆகியவை இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ஒரு வகுப்பைச் சார்ந்தவை. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் என 'ஓலால்' ஈறு பெறுவன இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவன. 'ப்ரசோல்' என முடிந்தால் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. 'ஸ்டாட்டின்' என முடிந்தால் கொழுப்பைக் குறைப்பது.

இலக்கணம் என்றால் புறனடை இராதா? 'நிஸ்டாட்டின்' என்னும் மருந்தும் அவ்வாறே முடிகிறது. ஆனால் அது கொழுப்பைத் தொடுவதில்லை, பூஞ்சைக் காளானை அழிப்பது. நியூயார்க் ஸ்டேட் சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிஞர்கள் 1950இல் அதனைக் கண்டறிந்து, மாநிலத்தின் பெயரையே மருந்துக்குச் சூட்டினர். விகுதியை மட்டும் நம்பிய மாணவர் இங்கே இடறுவார்.

ஒலி ஒப்புமையால் வரும் இடர் இதனினும் பெரிது. ஹைட்ராக்சிசீன் அரிப்பையும் ஒவ்வாமையையும் தணிப்பது. ஹைட்ராலசீன் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. இரண்டும் அகரவரிசையில் அருகருகே நிற்பவை, அலமாரியிலும் அவ்வாறே. ஒன்றை எடுக்கப்போன கை மற்றொன்றை எடுத்துவிட்டால் விளைவு யாதாகும்? இதனைத் தடுக்க அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2001 முதல் ஒரு முறையைக் கையாள்கிறது. பெயரில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கண்ணுக்குப் புலப்படச் செய்வதே அது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. நமக்கு அமைந்தது லகர ளகர ழகர வேறுபாடு. அதனையே பிழைபடச் சொல்லும் மாணவரை நாம் கண்டிக்கும்போது, எழுத்து மாறினால் உயிர் போகுமா என்று அவர் முணுமுணுப்பதுண்டு. மருந்தகத்தில் போகும்.

இலத்தீனும் அந்தி சந்தியும்

மருத்துவச் சீட்டில் எழுதப்படும் குறுக்கக் குறிகள் பெரும்பாலும் இலத்தீன் மொழியின. 'பி.ஐ.டி.' என்பது நாளில் இருமுறை, 'டி.ஐ.டி.' என்பது மும்முறை, 'ஏ.சி.' என்பது உணவுக்கு முன். நம் சித்த மருத்துவ ஏடுகள் 'அந்தி சந்தி' என இரண்டு சொல்லில் காலை மாலை வேளைகளை அடக்கிவிடுவது போன்றதே இதுவும். ஆனால் அவசரக் கையெழுத்தில் குறுக்கம் கூற்றுவனாகிறது. நாளொன்றுக்கு ஒருமுறை எனக் குறிக்கும் 'கியூ.டி.', நடுவில் ஒரு புள்ளி சற்றே நீண்டால் நான்கு முறை எனக் குறிக்கும் 'கியூ.ஐ.டி.' ஆகிவிடும். 'யூனிட்' என்பதற்கு இட்ட 'யூ' எழுத்து, பக்கத்து எண்ணோடு ஒட்டிச் சுழியமாகத் தோன்றினால் இன்சுலின் பத்து மடங்காகும். எனவே மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2004இல் பயன்படுத்தக் கூடாத குறுக்கங்களின் பட்டியல் ஒன்றை வகுத்தது. 5 என்பதை 5.0 என எழுதலாகாது, புள்ளி மறைந்தால் 50 ஆகும்; .5 எனவும் எழுதலாகாது, 0.5 என்றே எழுத வேண்டும் என்பனவும் அப்பட்டியலில் உள.

குடியேறிய மக்களின் மொழியும் இங்கே குறுக்கிடுகிறது. 'ஒருமுறை' என்னும் பொருளில் வரும் 'ஒன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள், ஸ்பானிய மொழியில் 'ஒன்சே' எனப் படிக்கப்பட்டுப் பதினொன்று எனப் பொருள்படும். நாளுக்கு ஒன்று எங்கே, பதினொன்று எங்கே! இருமொழி அறிந்த தொழில்நுட்பர் மருந்தகத்துக்கு எத்துணை இன்றியமையாதவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மருந்துப் பெயர்களைப் பன்மொழியில் தொகுத்து ஆராயும் இம்மரபு புதியதன்று. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி, 'கிதாபுஸ் ஸைதனா' என்னும் மருந்தியல் நூலில் அரபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் எனப் பலவற்றிலும் வழங்கிய மருந்துப் பெயர்களை அருகருகே வைத்துக் காட்டினார். மருந்து வணிகரைக் குறிக்கும் அரபுச் சொல்லே நம் நாட்டுச் 'சந்தனம்' என்பதன் திரிபு என்பது அவர் கருத்து. அவர்க்கும் முன்னரே, 869இல் மறைந்த சாபூர் இப்னு ஸஹ்ல் மருந்துக் கலவை முறைகளைத் தொகுத்து நூல் செய்தார். மருந்துக் கடைகளை அளவை, தரம் ஆகியவற்றுக்காக ஆய்வு செய்யும் பொறுப்பு 'முஹ்தஸிப்' என்னும் அங்காடி அதிகாரிக்கு இருந்தது. பெயரறிவும் கண்காணிப்பும் இன்றி மருந்தளித்தல் கூடாது என்னும் உணர்வு அன்றே வேரூன்றியிருந்தது.

கணக்குப் பாடம்

கணிதத்துக்கு அஞ்சி மருந்தகப் படிப்பை நாடுவோர் முதல் பருவத்திலேயே திகைப்பர். எடுத்துக்காட்டாக ஒன்று காண்போம். 33 பவுண்டு எடையுள்ள குழந்தைக்கு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் அமாக்சிசிலின், இரு வேளையாகப் பகிர்ந்து தரவேண்டுமெனச் சீட்டு வருகிறது. 2.2 பவுண்டு ஒரு கிலோ. ஆகவே எடை 15 கிலோ. நாளுக்கு 600 மில்லிகிராம், வேளைக்கு 300. புட்டியிலுள்ள நீர்ம மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் இருப்பின், வேளைக்கு 6 மில்லிலிட்டர். பவுண்டைக் கிலோவாக மாற்ற மறந்தவர் இரு மடங்குக்கும் மேலான மருந்தைக் குழந்தைக்கு ஊட்டச் செய்வார்.

இருவேறு செறிவுள்ள கரைசல்களைக் கலந்து மூன்றாவது செறிவைப் பெறும் முறை மற்றொன்று. 50 விழுக்காட்டுக் கரைசலும் 10 விழுக்காட்டுக் கரைசலும் கையில் உள்ளன. வேண்டுவது 20 விழுக்காட்டில் 400 மில்லிலிட்டர். குறுக்கே கழித்தால் 10 பங்கு, 30 பங்கு என வரும். அஃதாவது ஒன்றுக்கு மூன்று. முன்னதில் 100, பின்னதில் 300 மில்லிலிட்டர் எடுத்தால் கணக்குத் தீர்ந்தது. வெவ்வேறு மாற்றுடைய பொன்னை உருக்கி வேண்டும் மாற்றுக்குக் கொணரும் நம் பொற்கொல்லரின் கணக்கும் இதுவே.

போலிச் சீட்டைக் கண்டறியவும் கணக்கு உதவுகிறது. போதைத் தன்மையுள்ள மருந்துகளை 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அட்டவணைகளாகப் பகுத்துள்ளது. அவற்றை எழுதித் தரும் மருத்துவர்க்கு இரண்டு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பதிவெண் உண்டு. இலக்கங்கள் 1234563 எனக் கொள்வோம். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களின் கூட்டுத்தொகை 9. இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்களின் கூட்டுத்தொகை 12. அதன் இரு மடங்கு 24. இரண்டையும் கூட்டினால் 33. அதன் கடைசி இலக்கமாகிய 3, பதிவெண்ணின் ஏழாம் இலக்கத்தோடு பொருந்துகிறது. பொருந்தாவிடில் தொழில்நுட்பர் சீட்டை மருந்தாளுநரிடம் காட்ட வேண்டும். பொருந்திவிட்டதனாலேயே சீட்டு மெய்யென்று கொள்ளவும் இயலாது. சூத்திரம் கள்வரும் அறிந்ததே.

தூய காற்றும் தூய கையும்

நரம்பில் ஏற்றும் மருந்துகளைக் கலப்பதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு. வடிகட்டிய காற்று இடையறாது வீசும் ஒரு மேடையின்முன் அமர்ந்து, கை கழுவி, மேலங்கியும் முகமூடியும் கையுறையும் அணிந்து, 70 விழுக்காட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, மேடை விளிம்பிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் உள்ளே கைவைத்துப் பணிசெய்தல் வேண்டும். காற்றுக்கும் ஊசிக்கும் நடுவே கை குறுக்கிடலாகாது. நீரையே மருந்தாகக் கொண்டு இதனைப் பலமுறை பழகிய பின்னரே மெய்யான மருந்தைத் தொட விடுவர். இது மிகையான கட்டுப்பாடாகத் தோன்றலாம். 2012இல் மாசசூசெட்சு மாநிலத்தில் மருந்து கலக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து வெளிவந்த ஊசி மருந்தில் பூஞ்சை கலந்திருந்தமையால், 20 மாநிலங்களில் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்று, அவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்களுள் பலர்.

சொல்லலாகாதவை

தொழில்நுட்பருக்குக் கற்பிக்கப்படும் பாடங்களுள் மிகக் கடினமானது எதுவெனின், தெரிந்ததையும் சொல்லாதிருக்கும் பாடமே என்போம். இம்மருந்தோடு அம்மருந்தை உண்ணலாமா, மயக்கம் வந்தால் நிறுத்திவிடலாமா என்று மக்கள் முதலில் எதிரே நிற்கும் தொழில்நுட்பரையே கேட்பர். விடை அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆயினும் அறிவுரை கூறும் உரிமை மருந்தாளுநர்க்கே உரியது. அவரை அழைப்பதே தொழில்நுட்பர் கடமை. நம் ஊர் மருந்துக் கடைகளில் கல்லாவில் இருப்பவரே காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துத் தருவதைப் பார்த்துப் பழகியவர்க்கு இது வியப்பாக இருக்கும்.

ஒன்றைமட்டும் இடைப்பிறவரலாகக் குறிப்பிட விழைகிறோம். மாத்திரையின் மேலுறை எந்த விலங்கின் எலும்பு, தோலிலிருந்து பெறப்பட்ட ஜெலட்டின், நீர்ம மருந்தில் சாராயச் சேர்க்கை உண்டா, ஹெப்பாரின் பன்றிக்குடலிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்றெல்லாம் முஸ்லிம் நோயாளிகள் வினவுவதுண்டு. துணைப்பொருள்களின் பட்டியலைப் படிக்கக் கற்ற தொழில்நுட்பர் அதனை எடுத்து மருந்தாளுநர் முன் வைத்து மாற்று உண்டா எனக் கேட்க இயலும். இன்றியமையா நிலையில் எது ஆகும் என்பதை மார்க்க அறிஞர்கள் கூறுவர்.

பணியின் எல்லை விரிந்தும் வருகிறது. 2017இல் ஐடஹோ மாநிலம் பயிற்சிபெற்ற தொழில்நுட்பர் தடுப்பூசி போடலாமென முதன்முதலில் இசைந்தது; கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 அக்டோபரில் நடுவண் அரசே அதற்கு நாடெங்கும் வழிவகுத்தது.

தேர்வும் உரிமமும்

வகுப்பறைப் படிப்புக்குப் பின் கடையிலும் மருத்துவமனையிலும் களப்பயிற்சி உண்டு. அமெரிக்க மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம் இப்படிப்புகளுக்கு 1980களிலிருந்து ஏற்பு வழங்கி வருகிறது. 1995இல் அமைந்த சான்றிதழ் வாரியம் நடத்தும் தேர்வில் 90 வினாக்கள். காலம் 1 மணி 50 நிமிடம். 2020 முதல், ஏற்புடைய படிப்பை முடித்தவரோ 500 மணி நேரம் பணியாற்றியவரோதாம் இத்தேர்வு எழுதலாம். சான்றிதழ் பெற்றவர் ஈராண்டுக்கொருமுறை 20 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். ஆயின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸில் இச்சான்றிதழ் இன்றியமையாதது. கலிபோர்னியாவில் உரிமம் பெறப் பல வழிகளுள், இத்துறையின் இணைநிலைப் பட்டமும் ஒன்று.

நம் பிள்ளைகளுக்கு

இங்கே பி.பார்ம் பட்டம் பெற்று, மணமாகிக் கணவருடன் அமெரிக்கா செல்லும் மகளிர் பலர். தாம் மருந்தாளுநர் என்னும் எண்ணத்தோடு செல்லும் அவர்களுக்கு அங்கே காத்திருப்பது ஏமாற்றம். அயல்நாட்டுப் பட்டதாரிகள் மருந்தாளுநர் தகுதித் தேர்வு எழுத வேண்டுமாயின், 2003க்குப் பின் பட்டம் பெற்றவர்கள் ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் பயின்றிருத்தல் வேண்டும், நம் பி.பார்ம் நான்காண்டே. அதனால் பலர் தொழில்நுட்பராகப் பணிபுரிய நேர்கிறது. பட்டம் பெற்ற தாம் மாத்திரை எண்ணுவதா என்று மனம் குமைவோரும் உண்டு. நான்காண்டுப் படிப்பைப் பயனற்றதாக்கும் இவ்விதி கடுமையானதே என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே இதனை அறிந்து செல்லுதல், விமான நிலையத்தில் இறங்கிய பின் அறிவதினும் நன்று.

மற்றுமொரு செய்தி. கணவரின் பணியைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்போர் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து படிக்கத் தடையில்லை. ஆனால் ஊதியம் பெற்றுப் பணிபுரியத் தனி அனுமதி வேண்டும். நடுவண் அரசின் கல்வி உதவித்தொகையும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கட்டணம் செலுத்துமுன், அப்படிப்பு ஏற்புப் பெற்றதா, களப்பயிற்சிக்குரிய இடத்தைக் கல்லூரியே பெற்றுத் தருமா, தாம் வாழும் மாநிலத்தின் மருந்தாளுமை வாரியம் எதனைக் கேட்கிறது என்பவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுக்கொள்வது நலம். அவ்வாரியங்கள் தம் விதிகளை எவரும் படிக்கும்படி வெளியிட்டே வைத்துள்ளன.